க்ரீம் மேல் போட்ட பழி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து புருவம், மேலுதடு, மறுபடி புருவம். நூலைக் கடித்துக் கடித்து என் பல் தேய்ந்ததுதான் மிச்சம். மதியம் பாங்க் மேனேஜர் அம்மா வந்தாள். அவள் கன்னத்து மங்கு என்ன போட்டாலும் போகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மாதா மாதம் வருகிறாள், நானும் மாதா மாதம் "போன தடவைக்கு இப்ப எவ்வளவோ தேவல" என்கிறேன். பார்லர் வைத்திருப்பவளுக்குப் பஞ்சு எவ்வளவு தேவையோ பொய்யும் அவ்வளவு தேவை.

நாத்தனார் இன்றும் வேலைக்குப் போகவில்லை. பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் கொண்டுவந்துவிடுவாள். அந்தக் கண் வேறு யாருக்கும் கிடையாது என்று கடை முதலாளியே சொல்வார். அப்படிப்பட்டவளுக்கு இப்போது வலது கன்னத்தில் கரண்ட் அடிக்கிறதாம். காற்று பட்டால் அடிக்கிறது, பல் துலக்கினால் அடிக்கிறது. பல் டாக்டர் நல்ல பல்லாகப் பார்த்து ரெண்டைப் பிடுங்கி எறிந்தார். பல் போனது, வலி போகவில்லை.

"அண்ணி, ஒரு வாய் தண்ணி குடிக்கவே பயமா இருக்கு," என்று அழுகிறாள்.

புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அவள்தான் மகாராணி. நாற்பதைத் தொட்டவளை என் வீட்டுக்காரர் இன்னமும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். பாப்பா சாப்பிட்டாளா, பாப்பா தூங்கினாளா. நான் செத்துக் கிடந்தாலும் அந்த மனுஷன் என்னைத் தாண்டிப் போய் பாப்பாவுக்குப் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார்.

அவள் தோலைப் பற்றி எழுதினால் எனக்கு வயிறு எரியும். ஒரு பரு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. ஊருக்கெல்லாம் முகம் துடைக்கிற என் முகத்தில் பள்ளமும் மேடும். தானாகச் சோப்பைத் தவிர எதையும் தொடாத அவளுக்குப் பட்டு. புது க்ரீம் எது வந்தாலும் முதலில் அவள் கை, அப்புறம் கழுத்து, அப்புறம் முகம். அவள் தாங்கினால்தான் வாடிக்கைக்காரிகளுக்குப் போகும். அவளும் "போடுங்க அண்ணி" என்று கையை நீட்டிவிடுவாள். சும்மாவா சோறு போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முறை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். இவருக்கு டிரைவிங் ஸ்கூலில் டெஸ்ட் நாள். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பது இவர் உத்தியோகம். வீட்டிலும் அதே பழக்கம், யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு மிதி.

நாங்கள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். "பல்லுல ஒண்ணுமே இல்லம்மா. முக நரம்பு வலி இது. ரெண்டு பல்லையும் தண்டமா குடுத்துட்டு வந்திருக்கீங்க." வலிப்பு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதான் இந்த வலிக்கும் கேட்குமாம். காலையும் இரவும். "நடுவுல நிறுத்திடாதீங்க. நிறுத்தினா வலி பழையபடி வந்து உக்காந்துக்கும்." இதை மட்டும் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பார்லரில் ஆள் காத்திருந்தது.

மார்ச் 14

மகாராணி சிரித்தாள்! வாயை முழுசாகத் திறந்து. என் பெண் குட்டி, தன் ஆபீசில் நடந்த எதையோ சொல்ல, அத்தையும் மருமகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "அண்ணி, கரண்ட் கட் ஆயிடுச்சு!" என்று கன்னத்தைத் தானே தட்டிக் காட்டுகிறாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 19

மகாராணி வேலைக்குப் போனாள். இந்த வீடு இவ்வளவு பெரியது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 26

புது க்ரீம் வந்திருக்கிறது. மங்குக்காரிகளுக்கு என்றே தயாரித்ததாம். முகத்தைத் தொட விடாமல் இருந்த மகாராணி இப்போது தொட விடுகிறாள். விடுவேனா? கழுத்தும் முகமும் ஒரே நாளில். கையில் போட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருக்கவில்லை. அவள் தோல் எதையும் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வலி இல்லாம யாராவது முகத்தைத் தொட்டா எவ்வளவு சுகமா இருக்கு அண்ணி," என்றாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூடக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 28

காய்ச்சல். கண் ரெண்டும் சிவப்பு. தொண்டை எரிகிறதாம். முகம், கழுத்து, மார்பு எல்லாம் தடிப்புத் தடிப்பாக.

"என்னத்தப் போட்டுத் தொலைச்ச?" என்றார் இவர். 

க்ரீம்தான். க்ரீமேதான். டப்பாவை எடுத்துப் படித்தேன், பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கிறது. ஆனால் மார்பில் ஏன்? முதுகிலும் இருக்கிறது. நான் அங்கெல்லாம் போடவில்லையே. வியர்வையில் இறங்கியிருக்குமோ? அப்படித்தான் இருக்கும்.

தயிர் மாதிரி குளிர்ச்சியாக எதையாவது தடவலாமா என்று கேட்டேன். "நீ எதையும் தடவாத தாயே," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

நரம்பு டாக்டருக்குப் போன் போட்டேன். உதவியாளர்தான் எடுத்தார். மறைக்காமல் சொன்னேன். நான் பார்லர் வைத்திருக்கிறேன், புது க்ரீம் போட்டேன், கையில் போட்டுப் பார்க்காமல் நேராக முகத்தில் போட்டேன், தப்பு என்னுடையது. மூச்சு விடாமல் உண்மை.

"அப்ப க்ரீம் அலர்ஜிம்மா. க்ரீமை நிறுத்திட்டு அலர்ஜி மாத்திரை ஒண்ணு வாங்கிக் குடுங்க. நாளைக்கும் குறையலன்னா கூட்டிட்டு வாங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, வலி திரும்பிடும்."

மனம் லேசாகிவிட்டது. ஒப்புக்கொண்டுவிட்டால் இவ்வளவுதான் விஷயம்.

அவளால் விழுங்க முடியவில்லை. நரம்பு மாத்திரையைப் பொடி பண்ணி, தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் நானே புகட்டினேன். காலையிலும் இரவிலும்.

மார்ச் 30

குறைந்த மாதிரியும் இருக்கிறது, கூடின மாதிரியும் இருக்கிறது. தொட்டால் கத்துகிறாள். மாத்திரை கொடுத்தாயிற்று.

மார்ச் 31

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

காலையில் உதடெல்லாம் கொப்புளம். எச்சிலோடு ரத்தம். வேர்த்திருக்கிறதே என்று துண்டை நனைத்து முதுகைத் துடைத்தேன். துண்டோடு தோல் வந்துடுச்சு. ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு, வழுக்கிக்கிட்டு... நான் அழுத்தவே இல்லை. சத்தியமா அழுத்தவே இல்லை.

தீக்காய வார்டில் சேர்த்திருக்கிறார்கள். நெருப்பே இல்லாமல் வெந்துபோனவளை.

ஏப்ரல் 1

வார்டுக்கு வெளியே, வருகிறவர் போகிறவர் எல்லார் எதிரிலும் இவர் சொன்னது: "என் பாப்பா முகத்த எரிச்சுட்டியேடி. உன் மூஞ்சி மாதிரி ஆக்கணும்னு எத்தன நாளாக் காத்திருந்த?"

முகத்தைப் பற்றி மட்டும் இவர் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனசுக்குள் இருந்திருக்கிறது. எல்லாம் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 3

தோல் டாக்டர் சின்னப் பெண். க்ரீம் டப்பாவை நான் பையில் எடுத்துப் போயிருந்தேன். குத்திவிட்டு வந்தவன் கத்தியைப் போலீசில் ஒப்படைக்கிற மாதிரி மேஜையில் வைத்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"க்ரீம் இப்படிப் பண்ணாதும்மா. கொஞ்ச நாளா என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

அட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த வியாதிக்கு வெள்ளைக்காரர்கள் ரெண்டு பேர் பெயர் வைத்திருக்கிறார்கள், ஸ்டீவன்ஸ் ஜான்சன். ஆனால் இந்த மாத்திரையால் வருவது வெள்ளைக்காரர்களை விட ஆசியாக்காரர்களுக்குத்தான் அதிகமாம்.

"நம்ம பக்கத்து ஜனங்கள்ல சில பேருக்குப் பொறப்புலயே ஒரு மரபணு இருக்கும்மா. அதனால அவங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இந்த மாத்திரை உள்ள போனா மட்டும் உடம்பு தன் தோலையே எதிரின்னு நெனச்சு அழிக்க ஆரம்பிச்சுடும். ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. அதைப் பண்ணிட்டுத்தான் இந்த மாத்திரையை ஆரம்பிக்கணும்."

"எங்களுக்கு யாரும் எழுதலையே."

"எல்லா டாக்டரும் எழுதறதில்ல," என்றாள், மழை வரவில்லை என்கிற மாதிரி.

அப்புறம் கேட்டாள், "எப்பம்மா நிறுத்தினீங்க?"

"இங்க வர்ற வரைக்கும் குடுத்தேன்."

பேனாவை மூடினாள், திறந்தாள். "முதல் தடிப்பு வந்த அன்னிக்கே நிறுத்தியிருந்தா..." மேற்கொண்டு சொல்லவில்லை. நல்ல பெண். சொல்லாமல் விட்டதை நான்தான் இன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். க்ரீம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த உதவியாளர் மாத்திரையைப் பற்றி யோசித்திருப்பாரா? அந்த ஒரு நாள் பொய் சொல்லியிருக்கக் கூடாதா நான்? வாழ்க்கை முழுக்கச் சொல்கிறவள்தானே?

ஏப்ரல் 8

உயிருக்கு ஆபத்து இனி இல்லை என்கிறார்கள். கண் ரெண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணாடிக் குச்சியால் இமையைப் பிரித்துவிடுகிறார்கள், தினமும். அவள் போடுகிற சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கிறது. இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் அவள் காலைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. காலிலும் பிடிக்க இடம் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 15

பார்லரைத் திறந்தேன். ஈ ஓட்டினேன். என்னிடம் தொழில் கற்றுக்கொண்டவள், நூல்காரி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், எதிர்த் தெருவில் தனிக் கடை போட்டுவிட்டாள். பாங்க் மேனேஜர் அம்மா என் வாசலைத் தாண்டிப் போகும்போது கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே போனாள். என் வாசல் முடிந்ததும் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 24

நாத்தனாருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அந்த மரபணு இருக்கிறது. தோல் டாக்டர் ஒரு அட்டை கொடுத்தாள்; இந்த மாத்திரையும் இதன் தாயாதி மாத்திரைகளும் ஆயுசுக்கும் கூடாது என்று. "கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம், அவங்க பிள்ளைகளுக்கும் இருக்கலாம். பார்த்துக்கிட்டா நல்லது."

வெளியே வந்ததும் எனக்கு ஓடிப்போய் மைக் வைத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் இல்லை! என் கை இல்லை! இவர் அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத," என்றார்.

"ஏங்க? எல்லாரும் என் க்ரீம்னு காறித் துப்புறாங்களே!"

"துப்பிட்டுப் போகட்டும். க்ரீம்னா உன்னோட முடிஞ்சது. ரத்தம்னா எங்க குடும்பம் மொத்தமும். வயசுக்கு வந்த பொண்ணு வீட்ல இருக்கா, தெரியுதா?"

மிதித்தார் பிரேக்கை.

ஏப்ரல் 27

நரம்பு டாக்டரிடம் நான் மட்டும் போனேன். சண்டை போடத்தான் போனேன். உட்காரச் சொன்னார். இந்தத் தடவை நான் உட்கார்ந்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ரொம்ப அபூர்வம்மா. ரிசல்ட் வர்றதுக்கே பல நாள் ஆகும். அது வரைக்கும் வலியில துடிக்க விடச் சொல்றீங்களா? எல்லாருக்கும் எழுதிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"அபூர்வம் எங்க வீட்ல இருக்கு டாக்டர். வந்து பாக்குறீங்களா?" என்றேன். மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மே 10

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முகம், கழுத்து, கை எல்லாம் கருப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. நகம் ஒன்றுகூட இல்லை. கண்ணீர் சுரக்காதாம், மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது, அதனால் வீட்டுக்குள்ளேயும் கருப்புக் கண்ணாடி. ஆள் அசைவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. பெயிண்ட் கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். முதலாளி பழக்கூடை கொடுத்தனுப்பினார்.

இதில் பெரிய கொடுமை, கன்னத்து வலி திரும்பிவிட்டது. அந்த மாத்திரையும் கூடாது, அதன் தாயாதியும் கூடாது. வேறு ஏதோ கொடுத்திருக்கிறார்கள், அரைகுறையாகக் கேட்கிறது. அழக்கூடக் கண்ணீர் கிடையாது அவளுக்கு.

"அண்ணி, நான் எப்படி இருக்கேன்? நீங்க சொல்லுங்க, அண்ணன் பொய் சொல்றான்."

"ஆஸ்பத்திரிக்கு இப்ப எவ்வளவோ தேவல," என்றேன். எத்தனை வருடப் பழக்கம். அவள் கை வந்து என் கன்னத்தைத் தடவியது. என் பள்ளம் மேடெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு," என்றாள். குத்தலா, பாசமா? கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவில்லை.

மே 19

சொல்லிவிட்டேன்.

இன்று ஒருத்தி முடி வெட்ட வந்தாள், நூல்காரி கடையில் கூட்டமாம். கத்தரியை எடுத்ததும், "க்ரீம் எதுவும் வேணாங்க, முடி மட்டும்," என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மரபணு, மாத்திரை எல்லாம் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. கடைசியில் அவளுக்குப் புரிகிற மாதிரி சுருக்கமாகச் சொன்னேன்: "கோளாறு என் கையில இல்லம்மா, அவங்க குடும்ப ரத்தத்துல."

எவ்வளவு இனித்தது அந்த வாக்கியம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் நல்ல வாக்கியம். மாலைக்குள் இன்னும் ரெண்டு பேரிடம் சொன்னேன். அவர்கள் கேட்கக்கூட இல்லை.

மே 28

பாங்க் மேனேஜர் அம்மா திரும்பி வந்துவிட்டாள். "அவங்க பரம்பரையிலயே இருக்காமே?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஆமாம்," என்றேன். பரம்பரை வியாதி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 2

வீடு ரெண்டுபட்டது. டிரைவிங் ஸ்கூலில் யாரோ இவரிடம் கேட்டிருக்கிறார்கள். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பார்லர்ல உக்காந்துக்கிட்டு எங்க ரத்தத்தை ஏலம் போடுறியா நீ?"

"உண்மையைத்தான் சொன்னேன். என் பேரு நாறும்போது நீங்க வேடிக்கைதானே பாத்தீங்க?"

"உன் பொண்ணு உடம்புல ஓடுறது எந்த ரத்தம்டி? தண்ணியா?"

அப்போதுதான் குட்டி கதவோரம் நிற்பதைப் பார்த்தேன். அவளுக்கு ஆபீசில் கூட வேலை செய்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். ஆறு மாதமாகப் பேசுகிறார்களாம். அவன் அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அந்த அம்மா காதுக்கும் போய்விட்டதாம், "உன் ஃப்ரெண்ட் வீட்ல ஏதோ ரத்தக் கோளாறாமே" என்று மகனைக் கேட்டாளாம்.

"யாரும்மா இதக் கிளப்பிவிட்டது?" என்று குட்டி என்னைக் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். அத்தைக்காரியும் கருப்புக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பினாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஜூன் 9

குட்டியைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்தேன். இவரையும் கூப்பிட்டேன்; எனக்கு ஒன்றும் இல்லை என்று முறைத்தார். குட்டிக்கு இருக்காது. அவள் என் சாயல். நடை, கோபம், குரல் எல்லாம் என்னுடையது. தோல் மட்டும் அத்தைக்காரி தோல், அது போகட்டும். இல்லை என்று வந்ததும் அந்தத் தலைமையாசிரியையிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன். என் பெயருக்கும் ஒன்றும் ஆகாது, பெண்ணுக்கும் ஒன்றும் ஆகாது.

ஜூன் 25

இருக்கிறது.

ஜூன் 26

டாக்டர் சிரித்தபடிதான் சொன்னாள். "இது வியாதி இல்லம்மா. அந்த மாத்திரைகளைத் தொடாம இருந்தா நூறு வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சது உங்க அதிர்ஷ்டம்." அதிர்ஷ்டம்தான். எனக்கும் புரிகிறது. ஆனால் இதை எந்தத் தலைமையாசிரியைக்கு, எந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரியவைப்பேன்? "குடும்ப ரத்தம்" என்ற ரெண்டு வார்த்தையை நான்தானே அவிழ்த்துவிட்டேன்? என் வாயை வைத்துத் தைக்க வேண்டும்.

குட்டியை உட்கார வைத்து மாத்திரையின் பெயரைச் சொல்லச் சொன்னேன். கார்பமஸெபின். மறுபடி சொல்லு. எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் இதைச் சொல்ல வேண்டும். "சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தர்ற மாதிரி இருக்கும்மா," என்று சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து அத்தைக்காரியும் கூடவே சொல்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "அதுக்கென்ன, அந்த மாத்திரைய நம்ம வீட்டுக்குள்ள விடவேண்டாம்" என்றானாம். "ஆனா அம்மாகிட்ட மட்டும் வேண்டாம்" என்றானாம். நல்லவன். பாதி நல்லவன்.

ஜூலை 12, ஞாயிறு

தலைமையாசிரியை பெண் பார்க்க வந்தாள். நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள், என் முகத்தை ரெண்டு தடவை. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, பரீட்சையில் காப்பி அடித்தவனை விசாரிக்கிற குரலில், "இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நேராவே கேட்டுடறேன். பரம்பரையா வர்றதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க," என்றாள்.

குட்டி தரையைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உண்மையைச் சொல்ல வாய் வந்தது. இது வியாதி இல்லை, நம் ஜனங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கும், ஒருவேளை உங்களுக்கே இருக்கும், பார்த்தீர்களா என்று. குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பரம்பரையும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "என் தப்புதான். புது க்ரீம் ஒண்ணு. முதல்ல கையில போட்டுப் பாக்கணும், நான் பாக்கல. முகத்துல பூசிட்டேன். பழி வரும்னு பயந்து நான்தான் ரத்தம் அது இதுன்னு கதை கட்டிவிட்டேன்."

எவ்வளவு தெளிவாக வந்தது! பாதி உண்மை என்பதால் இருக்கும்.

அவளுக்கு அது போதவில்லை. நாத்தனாரைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றாள்.

"ஆமாங்க. அண்ணி போட்ட க்ரீம்தான். தோலெல்லாம் உரிஞ்சு போச்சு," என்றாள் மகாராணி. ஒரு தடுமாற்றம் இல்லை. மருமகளுக்காகச் சொன்னாளா, எனக்காகவா, எத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததை இறக்கி வைத்தாளா — கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. பிறகும் நான் கேட்கவில்லை. 

தலைமையாசிரியையின் முதுகு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்து, "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ண நாங்களே ஆள் கூட்டிட்டு வர்றோம். நீங்க எதுவும் தொட வேண்டாம்," என்றாள்.

"அதுக்கென்ன, தாராளமா," என்றேன்.

இவர் இன்று எனக்குப் பால் ஆற்றிக் கொடுத்தார். கல்யாணமாகி முதல் தடவை. கொட்டிவிட்டேன்.

ஜூலை 30

பார்லர் போர்டைக் கழற்றியாயிற்று. எல்லாம் என் க்ரீமால்தான் என்று தலைமையாசிரியை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், சம்பந்தி வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நாற்காலியையும் பெரிய கண்ணாடியையும் நூல்காரி எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. எல்லாரும் தூங்கட்டும், நான் இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் மணப்பெண் அறைக்குள் அந்த அலங்காரக்காரி பெட்டியைத் திறந்தாள். நல்ல சாமான்கள். கைதான் வேகம் போதாது. குட்டியின் நிறத்துக்கு ஒரு படி கூடுதலாக வெளுப்பை எடுத்துப் பூச ஆரம்பித்தாள். என் விரல்கள் தானாக நீண்டன. புடவை மடிப்பைச் சரி செய்கிற மாதிரி மடக்கிக்கொண்டேன். எத்தனை மணப்பெண்களை இந்தக் கையால் அனுப்பியிருக்கிறேன்! என் பெண் முகத்தில் ஒரு பொட்டுக்கூட நான் வைக்கவில்லை.

அவளுக்கு நான் யார் என்று தெரியாது. பெண்ணுக்கு அம்மா என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"பொண்ணுக்கு அலர்ஜி எதுவும் இல்லையே? கேட்டுக்கிறது நல்லதும்மா. இந்த வீட்ல ஒரு அம்மாவுக்கு யாரோ ஒரு பார்லர்காரி க்ரீம் போட்டுத் தோலே கழண்டு வந்துடுச்சாமே? கண்ணு போயிடுச்சாமே? இப்படி ஒருத்தியால எங்க எல்லாருக்கும்தான் கெட்ட பேரு."

குட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கண்ணில் மை ஈரமாக இருந்தது. அழுதால் எல்லாம் கெட்டுவிடும்.

"அலர்ஜி எதுவும் கிடையாதும்மா. நீங்க போடுங்க," என்றேன். "அந்தப் பொம்பளைக்குத் தொழிலே தெரியாது."